லித்தியமும் ஒரு மிட்டாயும்

புருவம் எடுக்கிற தொழிலுக்கு ஒரு நூல்கண்டு, அதைக் கவ்விப் பிடிக்கப் பல், ஆடாத இரண்டு கைகள் இருந்தால் போதும்; அதில் மூன்றாவது கொஞ்ச காலம் என்னிடம் இல்லை.

பிரேசர் டவுனில் நசீமா ஆன்ட்டி நடத்தும் பார்லரில் கண்ணாடி ஓரத்து நாற்காலி என்னுடையது. த்ரெடிங் என்றால் ஸ்டெல்லாதான் வேண்டும் என்று ஊரின் அந்தக் கோடி மல்லேஸ்வரத்திலிருந்துகூட வருவார்கள். எனக்கு பைபோலார். கொஞ்ச நாள் வானத்தில் பறப்பேன், கொஞ்ச நாள் போர்வைக்குள் கிடப்பேன். இரண்டும் வேண்டாம், தரையில் நட என்று டாக்டர் லித்தியம் கொடுத்தார், ராத்திரிக்கு ஓலான்சபின் சேர்த்தார். உங்களில் பலருக்கும் இந்த மாத்திரைக் கோஷ்டியோடு பழக்கம் இருக்கும். கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள், எனக்கும் இடம் வேண்டும்.

பப்பாளி

ஓலான்சபின் தருகிற பசி மனுஷப் பசி இல்லை. சாப்பிட்ட கையைக் கழுவும்போதே வயிறு அடுத்த வேளைக்கு என்ன என்று கேட்கும். அப்போதுதான் கிரேஸ் மிஸ் ஃப்ரூட் ஃபேஷியலுக்கு வந்தார். காலேஜில் பாடம் எடுப்பவர். மெதுவாகப் பேசினாலும் தெருமுனை வரை கேட்கும்.

கண்ணை மூடிப் படுத்திருந்தார். என் கையில் தேன் விட்டு மசித்த பப்பாளிக் கிண்ணம். நெற்றிக்கு ஒரு கரண்டி, எனக்கு ஒரு கரண்டி என்று நியாயமாகத்தான் ஆரம்பித்தேன். கன்னத்துக்கு வந்தபோது நியாயம் தவறிவிட்டது. கண்ணைத் திறக்காமலே மிஸ் கேட்டார்: "ஸ்டெல்லா, மூஞ்சில ஒண்ணும் விழலையே, ஆனா யாரோ சப்புக்கொட்டற சத்தம் மட்டும் கேக்குதே?"

பாதிப் புருவம்

லித்தியம் தன் பங்குக்குத் தாகத்தைக் கொடுத்தது. பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்தேன். உள்ளே போன தண்ணீர் சும்மா இருக்குமா? ஒரு பெண்ணுக்கு இடது புருவத்தை முடித்தேன். வலது புருவத்தில் நூலை வைத்ததும் அவசரம் வந்துவிட்டது. ஓடினேன். கொஞ்ச நேரத்தில் பாத்ரூம் கதவைத் தட்டிக்கொண்டு அந்தப் பெண் அழுதாள்: "அக்கா, சீக்கிரம் வாங்க அக்கா, சாயங்காலம் என்னைப் பொண்ணு பாக்க வர்றாங்க!"

டப்பா

பார்லர் வேலை நாள் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை. முழங்காலும் இடுப்பும் தனித்தனியாகப் புகார் சொல்லும். அதற்காக நசீமா ஆன்ட்டி மேஜை டிராயரில் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய வலி மாத்திரை வைத்திருப்பார். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மாத்திரை என்று மட்டும் வாயைத் திறக்கக்கூடாது. கஸ்டமர் காதில் விழுந்தால் யாருக்கு என்ன வியாதியோ என்று பயப்படுவார்களாம். அதனால் ஆன்ட்டி அதற்கு மிட்டாய் என்று பேர் வைத்தார். பேர் வைத்தவரே மறந்துபோகும் அளவுக்கு அது எங்களுக்கு மிட்டாயாகவே ஆகிவிட்டது.

ஓலான்சபின் பசியில் நான் பெருத்தேன். பெருத்ததால் முழங்கால் வலி. முழங்கால் வலியால் காலையில் ஒரு மிட்டாய், மாலையில் ஒரு மிட்டாய். என்னோடு வேலை பார்க்கும் மஞ்சுளாவிடம் நான் கை நீட்டி மிட்டாய் கேட்பதைப் பார்த்து ஒரு அம்மா அக்கறையாகச் சொன்னார்: "ஏற்கெனவே உடம்பு போட்டிருக்க, இனிப்ப கொஞ்சம் கொறச்சுக்கோ கண்ணு."

கோணல்

ஆரம்பத்திலிருந்தே கையில் லேசான நடுக்கம் உண்டு. அது லித்தியத்தின் உடன்பிறப்பு. மூச்சைப் பிடித்துக்கொண்டு சமாளித்துவந்தேன். மிட்டாய் வாடிக்கையான பிறகு டீ தம்ளர் சாஸரில் தாளம் போட ஆரம்பித்தது. நடையும் தள்ளாடியது. ஒருநாள் கிரேஸ் மிஸ் புருவத்தில் நூல் தாறுமாறாக ஓடிவிட்டது.

அவர் கண்ணாடியைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மிஸ் நிதானமாகச் சொன்னார்: "ஒரு புருவம் கோவமா இருக்கு, இன்னொண்ணு ஆச்சரியப்படுது. நான் எதை நம்பி கிளாஸுக்குள்ள போறது?"

மசாஜ்

அன்றைக்கே ஆன்ட்டி என்னைத் தலை மசாஜுக்கு மாற்றினார். கண்ணாடி ஓரத்து நாற்காலி மஞ்சுளாவுக்குப் போனது. "கை நிக்கட்டும், அப்புறம் பாக்கலாம்மா. நிக்கலேன்னா நான் என்னா பண்றது, சொல்லு?" என்றார். அவர்மேல் தப்பில்லை. ஆனாலும் துண்டு மடிக்கிற சாக்கில் உள்ளே போய் அழுதேன். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அந்த நாற்காலியில்தான் இருந்தது.

அந்த அழுகையிலும் சிரிக்க வைத்தார் என் முதல் மசாஜ் கஸ்டமர். நடுங்குகிற விரல்களை அவர் உச்சியில் வைத்தேன், அவ்வளவுதான். அவர் சொக்கிப்போய்ச் சொன்னது: "ஆஹா, புது மெஷினா? ஸ்பீடு கொஞ்சம் ஏத்துமா!"

நாய்க்கு ஃபேஷியல்

லித்தியத்தை விட்டுவிட்டால் கை நின்றுவிடும், நாற்காலி திரும்பக் கிடைக்கும் என்று மனம் ஓதியது. மாத்திரை அட்டையைக் குப்பைக்கூடை வரை கொண்டுபோய்விட்டேன். உங்களுக்கும் அந்த இடம் தெரியும். என் கணவர் ஆண்டனி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

போன தடவை மருந்தை நிறுத்தியபோது நான் தூங்காமல் கொள்ளாமல் ஊரெல்லாம் கிளை திறக்கப்போவதாகச் சொல்லித் திரிந்ததும், பக்கத்து வீட்டு நாய்க்கு ஃபேஷியல் போட்டதும், அப்புறம் படுத்த படுக்கையாய் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால்கூடத் திரும்பாமல் கிடந்ததும் அவருக்குத்தான் தெரியும். அட்டையைப் பிடுங்கவில்லை. இவ்வளவுதான் சொன்னார்: "கை போனா வேற வேலை பாத்துக்கலாம் ஸ்டெல்லா. நீ போனா உன்னை எங்க போய்த் தேடுவேன்? வா, டாக்டரையே கேப்போம்."

ஸ்பீக்கர்

டாக்டர் கையை நீட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார். அவர் முகம் மாறியது. உடனே ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொண்டே, "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று கேட்டார். "இல்லவே இல்லை டாக்டர்" என்றேன். சத்தியமாகத்தான் சொன்னேன்.

அந்த நேரம் மஞ்சுளா போன் செய்தாள். காதில் வைத்துப் பிடிக்க முடியாத கை என்பதால் எனக்கு எப்போதும் ஸ்பீக்கர்தான். "அக்கா, மிட்டாய் பூரா காலி ஆயித்து! வரப்போ மெடிக்கல்ல ரெண்டு ஸ்ட்ரிப் வாங்கிட்டு பா அக்கா, சொண்ட்ட நோவு, இடுப்பு விட்டுப்போச்சு, நிக்க முடியல" என்று கன்னடமும் தமிழுமாக அறை முழுக்க அலறினாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "மெடிக்கல் ஷாப்ல ஸ்ட்ரிப்பா விக்கற அந்த மிட்டாயை நீங்க சப்பிச் சாப்பிடுவீங்களா, தண்ணி ஊத்தி முழுங்குவீங்களா?"

நாற்காலி

அந்த வகை வலி மாத்திரை, லித்தியத்தை உடம்பை விட்டு வெளியேறவிடாமல் தடுத்துவிடுமாம். ரத்தத்தில் அது ஏறிக் கிடந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் கையோடு போயிருக்காது, உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்றார் டாக்டர். மிட்டாய் நின்றது. லித்தியத்தை அவர் சொன்னபடி இடைவெளி விட்டு, திரும்பச் சோதித்து, அளவைக் குறைத்துத் தொடர்ந்தேன். முழங்காலுக்கு வேறு வழி சொன்னார். டீ தம்ளர் தாளத்தை நிறுத்தியது. நசீமா ஆன்ட்டி டப்பாவின்மேல் 'இது மிட்டாய் அல்ல' என்று தமிழ், கன்னடம், உருது மூன்றிலும் எழுதி ஒட்டினார்.

மஞ்சுளா கண்ணாடி ஓரத்து நாற்காலியைத் துடைத்துவிட்டு நகர்ந்துகொண்டாள். முதலில் வந்து உட்கார்ந்தது கிரேஸ் மிஸ். வேண்டுமென்றேதான் வந்தார் என்று நினைக்கிறேன். பார்லரே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. நூலைப் பல்லில் கவ்வினேன். கை நின்றது. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? என் கை எனக்கே திரும்பி வந்திருந்தது. மிஸ் கண்ணாடியை வாங்கி வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார், தெருமுனை வரை கேட்கும்படி தீர்ப்புச் சொன்னார்: "ரெண்டும் ஒரே மாதிரி கோவமா இருக்கு. திங்கக்கிழமை பசங்க செத்தாங்க!"

ஆகவே என் இன மக்களே, வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டால் மாத்திரை, மிட்டாய் எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள், பப்பாளியை மட்டும் நமக்குள் வைத்துக்கொள்ளலாம்.