212-ஆம் பக்கம் இல்லாத புத்தகம்

போன செவ்வாய்க்கிழமை காலை. கடையைத் திறந்து ஜெராக்ஸ் மெஷின் சூடாவதற்குள் ஒரு போன்.

“அங்கிள், 212-ம் பக்கம் இல்ல அங்கிள்.”

ஜெராக்ஸ் கடைக்காரனுக்கு இது புதிதா என்ன? ஒரு பக்கம் விட்டுப்போனால் இப்படித்தான் சண்டைக்கு வருவார்கள். “புக்கக் கொண்டாம்மா, போட்டுத் தாரேன்” என்றேன்.

“ஒங்க கடையில போட்டது இல்ல அங்கிள். நீங்க பத்திரிகையில பேரு சொன்ன புக்கு. நெட்டுல அதோட வெவரம் மட்டுந்தான் இருக்கு. மொத்தமே 184 பக்கந்தான்!”

பேசியது பர்வீன். கோட்டைப்பட்டினத்தில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். இந்தச் சிறுவர் பக்கத்தை வாராவாரம் படித்துவிட்டு ஏதாவது கேட்பாள். இந்த முறை கேட்டது என் அடிமடியிலேயே கை வைத்துவிட்டது.

பிள்ளைகளே, மூன்று வாரத்துக்கு முன்னால் மார்மன்களைப் பற்றி எழுதினேனே, ஞாபகம் இருக்கிறதா? அமெரிக்காவில் தோன்றிய சமயம். டீ, காபி தொட மாட்டார்கள் என்று எழுதினேன். எங்கள் அரிமளத்துக்கு அந்த அதிர்ச்சியே போதும். அதோடு நிறுத்தியிருக்கலாம்... ‘இன்றைக்கும் அவர்களில் ஒருவரே பல பெண்களை மணக்கலாம்’ என்று சேர்த்தேன். ஆதாரமாக ஒரு புத்தகத்தின் பெயர். பக்கம் 212.

அந்தப் புத்தகத்தை நான் பார்த்திருக்கிறேனா? இல்லை.

இத்தனைக்கும், என் இரண்டு பிள்ளைகளும் எதை எழுதினாலும் “எங்கேருந்து எடுத்த?” என்று கேட்டுக் குடைகிற அப்பா நான்.

பர்வீனின் கவலை வேறு. அவளுடைய அத்தா, அதாவது அப்பா, குவைத்தில் கிரேன் ஓட்டுகிறார். அவருடைய சூப்பர்வைசர் ஒரு மார்மன். மகள் அனுப்பிய என் கட்டுரையைப் படித்துவிட்டு, அத்தா விளையாட்டாக, “ஊர்ல எத்தனை வொய்ஃப் சார்?” என்று கேட்டிருக்கிறார். அந்த மனிதர் சிரிக்கவில்லை. “எங்கே எழுதியிருக்கிறது? காட்டு” என்று மட்டும் கேட்டாராம்.

“அதுலேருந்து சாப்புடும்போது தள்ளிப் போயி ஒக்காருறாராம் அங்கிள். அத்தாவுக்குச் சோறு எறங்கலையாம். நீங்க பக்கத்தக் காட்டுங்க. இல்லன்னா தப்புன்னு எழுதுங்க.”

கடையைப் பாதியில் சாத்திவிட்டு கருப்பையா அண்ணன் வீட்டுக்கு வண்டியை விட்டேன்.

கருப்பையா அண்ணன் இன்சூரன்ஸ் ஏஜென்ட். ஓய்வு நேரத்தில் உலக மதங்களை விமர்சித்துச் சிறு புத்தகங்கள் எழுதுவார். அவற்றை ஜெராக்ஸ் போட்டு பைண்டிங் செய்வது நான்தான். அப்படிப் போடும்போதுதான் அந்த வரியைப் படித்தேன். பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்பு! கீழே பொடி எழுத்தில் நம்பர் இருந்தால் எனக்குத் தானாக மரியாதை வந்துவிடும். பத்தாவதோடு நின்றவனுக்கு அது ஒரு பலவீனம்.

“அண்ணே, அந்த 212 எங்க இருக்கு?”

“இங்கிட்டுத்தான் இருக்கு” என்று உள்ளே போய், தடிமனான நீள நோட்டு ஒன்றை எடுத்து வந்தார். புதுக்கோட்டை நூலகத்தில் படிப்பதையெல்லாம் அதில் குறித்துவைப்பார். புத்தகத்தின் பெயர் மேலே. வாக்கியம் கீழே. மூலையில் சிவப்பு மையில் 212.

“இது ஒங்க நோட்டோட பக்கம்லண்ணே?”

“பின்னே? நான் எடுத்துப் பாக்க வேணாமா?”

இருநூற்றுச் சொச்சம் அடிக்குறிப்பும் இப்படித்தான். உலகத்து மதங்களுக்கெல்லாம் ஆதாரம் அவர் வீட்டு பீரோவுக்குள்!

“இத்தனை பேரு படிச்சானுவ. ஒருத்தன் கேக்கலையே தம்பி. மார்மன்காரன் அரிமளத்துக்கு வந்தா கேக்கப் போறான்?”

வரவில்லைதான். கோட்டைப்பட்டினம் வழியாகக் கேட்டுவிட்டான்.

நோட்டில் அந்த வாக்கியத்தின் நடுவே மூன்று புள்ளிகள் இருந்தன. “இது என்னண்ணே?” என்றேன். “கை வலிச்சிருக்கும்” என்றார்.

மறுநாள் புதுக்கோட்டைக்கு பஸ் ஏறினேன். நூலகத்தில் உட்கார்ந்து புத்தகத்தை முதலிலிருந்து புரட்டினேன். 91-ஆம் பக்கத்தில் அகப்பட்டது. பலதார மணம் ஒரு காலத்தில் இருந்தது உண்மை. அதைப் பிரதான சபை எப்போதோ கைவிட்டுவிட்டது. இன்று அப்படிச் செய்கிறவரைச் சபையை விட்டே நீக்கிவிடுவார்கள். பிரிந்துபோன சில சிறு குழுக்கள்தான் இன்னும் விடாமல் இருக்கின்றன. இவ்வளவையும் அந்த மூன்று புள்ளிகள் விழுங்கியிருந்தன.

அங்கிருந்தே அண்ணனுக்கு போன் போட்டுப் படித்துக் காட்டினேன்.

“சரி தம்பி... அடுத்த பதிப்புல 91-னு மாத்திருவோம்.”

“வாக்கியம்?”

“அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது!”

பக்கத்தைப் போட்டோ எடுத்து பர்வீனுக்கு அனுப்பினேன். “தப்புதான்மா. எழுதிர்றேன்” என்றும் சொன்னேன். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் இருந்தபோது கூப்பிட்டு அவள் சொன்னது வேறு.

“எங்களப் பத்தியும் இதையேதான் எழுதுறாங்க அங்கிள். அதுலயும் பக்க நம்பர் போட்டிருக்கும். அதனாலதான் தேடிப் பாத்தேன்.”

அதோடு இன்னொன்றும் கேட்டாள்.

“அங்கிள், 90-ஐயும் 92-ஐயும் சேத்து அனுப்புங்க. முன்னாடியும் பின்னாடியும் என்ன இருக்குன்னு அத்தா கேப்பாங்க.”

அதற்குள் நான் திருமயம் தாண்டிவிட்டேன். இறங்கி, மறுபடியும் புதுக்கோட்டை பஸ்ஸைப் பிடித்தேன்.

இந்த இதழின் ஆசிரியரிடம் விஷயத்தைச் சொன்னேன். “ஓரமா ரெண்டு வரி திருத்தம் போட்டுருவோம்” என்றார். தப்பை முக்கால் பக்கத்துக்கு எழுதியவன் திருத்தத்தை இரண்டு வரியில் முடிக்கலாமா? அதனால்தான் இந்த வாரம் முழுக்க இதே கதை.

நேற்று பர்வீன் பேசினாள். அத்தா மூன்று பக்கத்தையும் வரி வரியாக அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லி, மன்னிப்பும் கேட்டாராம். சூப்பர்வைசர் முழுவதையும் கேட்டுவிட்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பழையபடி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாராம். சாப்பிட்டு முடித்ததும், “அதை எழுதியவர் இதற்கு முன்னால் ஒரு மார்மனிடமாவது பேசியிருக்கிறாரா?” என்று கேட்டாராம்.

இல்லை சார்... அடிக்குறிப்பு இருந்ததால் ஆளைத் தேடவில்லை.