கரண்டியில் கட்டிய சாவி

எங்கள் வீட்டு வாசல் ஆணியில் ஒரு குழம்புக் கரண்டி தொங்கும். அதன் காம்பில் ஒரு தோல் வார், வாரின் நுனியில் வீட்டுச் சாவி. தாராவியில் எங்கள் சந்துக்குப் புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்து ஒரு முறையாவது சிரிக்காமல் போனதில்லை. அது என் அத்தையின் ஏற்பாடு. அத்தை என்றால் அப்பாவின் அக்கா. எங்களோடேயே குடியிருந்து, பக்கத்துச் சந்தில் தோல்பை தைக்கும் பட்டறையில் மெஷினில் உட்கார்ந்தவள். சாவியைத் தொலைத்துத் தொலைத்து, பூட்டை உடைத்து உடைத்து அலுத்துப்போய், ஒரு நாள் பட்டறையில் மிஞ்சிய வாரைக் கொண்டுவந்து சாவியைக் கரண்டியில் கட்டிவிட்டாள். "இப்ப தொலையட்டும், பாப்பம்!" என்று சாவியிடமே சவால் விட்டாள். தொலையவே இல்லை! பஸ்ஸில் போனால் அவள் பைக்கு வெளியே கரண்டி தலையை நீட்டிக்கொண்டிருக்கும். சாம்பார் எங்கே என்று கண்டக்டர் இந்தியில் கேட்பார். அத்தை அசராமல், நாளைக்குத்தான் வரும் என்பாள்.

சந்தில் அவளுக்குக் 'கூறுகெட்டவ' என்று பெயர். அடுப்பில் பாலை வைத்துவிட்டு அடுத்த வீட்டுக் குழந்தைக்குத் தலை வாரப் போவாள், பால் பொங்கி அடுப்பு அணைந்து கிடக்கும். ஒரு பேச்சை ஆரம்பித்தால் அது எந்த ஸ்டேஷனில் போய் நிற்கும் என்று அவளுக்கே தெரியாது. ஆனால் நாளைக்குக் காலையில் சரக்கு போயாக வேண்டும் என்று முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்தால், மொத்தப் பட்டறையும் சேர்ந்து தைப்பதில் பாதியை அத்தை ஒருத்தியே தைத்துப் போடுவாள். இரண்டும் ஒரே ஆள்தான் என்பதை யாரும் யோசித்துப் பார்க்கவில்லை. நானும்தான்.

நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. எனக்கும் ஒரு கோளாறு உண்டு, ஆனால் அத்தையுடையது போல அது சத்தம் போடாது. வகுப்பில் வாயே திறக்க மாட்டேன். டீச்சர் பலகையில் எழுத ஆரம்பிப்பது தெரியும், அழிப்பது தெரியும், நடுவில் நான் எங்கே போனேன் என்று தெரியாது. கணக்குப் பரீட்சையில் முதல் பக்கத்தைப் பிரமாதமாகப் போட்டுவிட்டு, பின்பக்கத்தில் கேள்விகள் இருப்பதையே பார்க்காமல் வந்திருக்கிறேன். இந்த வருஷம் தேறாது, ஒன்பதாவதை இன்னொரு முறை படிக்கட்டும் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். கவனக் குறைபாடாக இருக்கலாம், ஆஸ்பத்திரியில் பரிசோதித்து எழுதி வாங்கி வந்தால் பரீட்சையில் கூடுதல் நேரம் தரலாம், மறுபரீட்சையும் வைக்கலாம் என்று தலைமையாசிரியை மட்டும் ஒரு வழி காட்டினார்.

அப்பாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. அப்பா எலெக்ட்ரீஷியன். டெஸ்டரை வீட்டில் வைத்துவிட்டு வேலைக்குப் போய், டெஸ்டருக்காகத் திரும்பி வந்து, வந்த இடத்தில் வேறெதையாவது கழற்றிப் போட்டு உட்கார்ந்துவிடுகிறவர். மச்சுக்கு ஏறும் ஏணிக்குப் பச்சைப் பெயின்ட் அடிக்க ஆரம்பித்தார், பாதி ஏணி இன்றைக்கும் வெறும் மரமாகத்தான் நிற்கிறது. அவர் தீர்ப்புச் சொன்னார்: "கோளாறும் கெடையாது, கீளாறும் கெடையாது. சோம்பேறித்தனம். ஒருக்கா போயி பாப்பம். ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டா, ரெண்டாந்தடவ ஒம்போதாவதுக்கு எங்கிட்ட வந்து நிக்கப்படாது. பட்டன் தைக்கப் போவட்டும்." பட்டன்! நாள் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்து பட்டன் தைப்பதற்கு என்னைவிடப் பொருத்தமில்லாத ஆள் இந்த பம்பாயிலேயே கிடைக்க மாட்டாள்.

இங்கே எங்கள் சந்தின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். வெளி ஆள் வந்து ஒரு வீட்டைப் பற்றி விசாரித்தால் நல்லதை மட்டுமே சொல்வோம். பம்பாயிலேயே கோவண்டியிலிருந்தோ, ஊரிலிருந்தோ மாப்பிள்ளை வீட்டார் வந்து மூலைக்கடையில் மெல்ல விசாரிப்பார்கள். நேற்றுவரை அந்த வீட்டோடு தண்ணீர்க் குழாயடியில் சண்டை போட்டவர்கள்கூட, "தங்கமான புள்ள, தலை நிமிந்து நடக்காது" என்பார்கள். இன்றைக்கு நான் சொல்கிறேன், நாளைக்கு நீ சொல்வாய் என்ற கணக்கு. யாரும் கற்றுக்கொடுக்காமலே எல்லோருக்கும் வரும்.

டாக்டர் கேள்வி கேட்பார் என்று தெரிந்ததும் வீட்டில் அந்தச் சந்துப் பழக்கம் வேலை செய்ய ஆரம்பித்தது. அம்மா பக்கத்து மாட்டுங்காவிலிருந்து மல்லிகைப்பூ வாங்கி வந்து என் தலையில் வைத்தாள். அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. வீட்டுக்கு வெளியே என்னைத் தெரிந்த ஒருவரும் வரட்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்ததால் ட்யூஷன் அக்காவைக் கூட்டிப்போனோம். அவர் பட்டுப்புடவையில் வந்து நின்றார்! மாநகராட்சி ஆஸ்பத்திரியின் வியாழக்கிழமைக் கூட்டத்தில், பெண் பார்க்கும் படலத்துக்குக் கிளம்பி வழி தவறி வந்த குடும்பம் மாதிரி பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம்.

டாக்டரம்மா மராட்டிக்காரர், எங்களோடு இந்தியில் பேசினார். பொருட்களைத் தொலைப்பாளா? மாட்டாள் என்றாள் அம்மா. சொன்ன வேலையை முடிப்பாளா? சொல்வதற்கு முன்பே முடிப்பாள் என்றார் ட்யூஷன் அக்கா. குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி? அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, எங்கள் வம்சத்தில் அப்படி ஒருத்தரும் கிடையாது என்றார். பள்ளியிலிருந்து வந்திருந்த தாளில் வகுப்பு டீச்சர், 'அமைதியான பெண், தொந்தரவு இல்லை' என்று எழுதியிருந்தார். டாக்டரம்மா எங்கள் முகங்களையும் என் தலைப்பூவையும் மாறி மாறிப் பார்த்தார். "எல்லாம் இவ்வளவு நன்றாக இருக்கிறதே, பிறகு ஏன் வந்தீர்கள்?" என்று கேட்டார். அம்மா என் தலைப்பூவைச் சரிசெய்தாள். எனக்கு அங்கேயே பட்டன் டப்பா கண்ணில் தெரிந்தது.

நல்லவேளை, அவர் எங்களை அதோடு அனுப்பிவிடவில்லை. இதை ரத்தத்திலோ ஸ்கேனிலோ பார்த்துச் சொல்ல முடியாது, வெவ்வேறு இடத்தில் வெவ்வேறு ஆட்கள் கண்டதைச் சேர்த்துத்தான் சொல்ல முடியும், மறைத்தால் நஷ்டம் பிள்ளைக்குத்தான் என்றார். காது, கண், தூக்கம், ரத்தசோகை, மனக்கவலை எல்லாவற்றையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் அவற்றாலும் கவனம் சிதறும் என்றார். அடுத்த வாரம், வீட்டில் என்னைத் தினமும் பார்க்கிற வேறு யாராவது வரட்டும் என்றார். வேறு யார்? அத்தைதான் பாக்கி. வேண்டுமென்றேதான் அவளை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அடுத்த வியாழக்கிழமை கிளம்பும்போது அப்பா கையெடுத்துக் கும்பிடாத குறை. "யக்கா, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. வேற வாயத் தெறக்காத." அத்தை கரண்டியைப் பையில் செருகிக்கொண்டே, "நான் ஏன்டா பேசப்போறேன்?" என்றாள்.

டாக்டரம்மா முதல் கேள்வியைப் பாதி கேட்பதற்குள் அத்தை பதிலை ஆரம்பித்துவிட்டாள்! அவளுடைய இந்தியில் முக்கால்வாசி தமிழ், மீதியைக் கைகள் பேசின. "பல்லு தேய்க்கப் போனா பேஸ்ட் மூடியக் கையில வச்சுக்கிட்டே நிப்பா. பத்துவாட்டி கூப்பிட்டாலும் காதுல விழாது, ஆனா மேல்வீட்டுச் சண்டைய ஒரு வார்த்தை விடாம ஒப்பிப்பா. புஸ்தகத்த விரிச்சு வச்சுக்கிட்டு உக்காந்தே இருப்பா, பக்கம் மட்டும் திரும்பாது." அப்பா காலால் அவள் காலை இடித்தார். அத்தை அவர் பக்கம் திரும்பி, "ஏன்டா மிதிக்க?" என்று சத்தமாகவே கேட்டாள். பிறகு அவள் குரல் இறங்கியது. "ராத்திரி போர்வைக்குள்ள அழுவா, டாக்டரம்மா. இவனுக்கு அது தெரியாது. படிக்கணும்னுதான் நெனைக்கா, முடியல. சோம்பேறின்னா அழுவாளா?"

அந்த ஒரு கேள்வியை அதற்கு முன் யாரும் எனக்காகக் கேட்டதில்லை. நான் அழுதது அவளுக்குத் தெரியும் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டார் டாக்டரம்மா. "சின்னதுலருந்தே. அப்படியே என்னைப் போல" என்றாள் அத்தை. டாக்டரம்மாவின் பேனா நின்றது. பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கரண்டியை அப்போதுதான் பார்த்தார். இது என்ன என்று கேட்டார். அத்தை எழுந்து நின்று, பூட்டுடைத்த கதை, பால் பொங்கிய கதை, பஸ் கண்டக்டர் கதை எல்லாவற்றையும் நடுவில் மூச்சு விடாமல் சொன்னாள். வாசலில் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டரம்மா சிரித்து முடித்துவிட்டு, இது பெரும்பாலும் குடும்பத்தில் வழிவழியாக வருவது என்றார். பெரியவர்களுக்கும் இருக்கும், சும்மா சந்தேகத்தில் சொல்லிவிட முடியாது, முறையாகப் பார்க்க வேண்டும் என்று அத்தைக்கும் ஒரு கேஸ் பேப்பர், அதாவது நோயாளிச் சீட்டு, போடச் சொன்னார். "எனக்கா?" என்றாள் அத்தை. லாட்டரிச் சீட்டைக் கையில் வாங்கியவள் மாதிரி அந்தக் காகிதத்தைப் பிடித்திருந்தாள்.

அதற்குப் பிறகும் பல வியாழக்கிழமைகள் போனோம். காது பார்த்தார்கள், கண் பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். மனநல ஆலோசகர் ஒருவர் என்னைத் தனியாக உட்கார வைத்துக் கட்டைகளை அடுக்கச் சொன்னார், வீட்டில் யாராவது அடிக்கிறார்களா என்றும் கேட்டார். கடைசியில் டாக்டரம்மா சொன்னார்: இருவருக்குமே கவனக் குறைபாடு. அது சோம்பேறித்தனம் இல்லை, பைத்தியம் இல்லை, வளர்ப்பில் வந்த குறையும் இல்லை. பள்ளிக்கும் எழுதிக் கொடுத்தார். அத்தை சந்துக்குள் நுழையும்போதே கூவிக்கொண்டு வந்தாள். "எனக்குக் கூறு கெடல, கேட்டுக்கோங்க! இதுக்கு டாக்டர் பேரு இருக்கு!" மூலைக்கடையில் ஜிலேபி வாங்கி வீடு வீடாகக் கொடுத்தாள். வியாதி வந்ததற்கு இனிப்புக் கொடுத்தவளைத் தாராவி அதற்கு முன் பார்த்திருக்காது. ஆனால் அன்று மாலை மச்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தபோது அவள் கண் நிறைந்திருந்தது. "அவ்வளவு பேரும் ஏசும்போது, நானும் அவுங்களோட சேந்துல்லட்டி என்னைய ஏசிக்கிட்டு இருந்துட்டேன்" என்றாள்.

எனக்கு மாத்திரை ஆரம்பித்தார்கள். மூளைக்கு மாத்திரையா, அடிமையாகிவிடுவாள் என்று சந்து பயமுறுத்தியது. டாக்டரம்மா குறைந்த அளவில் தொடங்கி, எடை, நாடித்துடிப்பு, ரத்தக்கொதிப்பு பார்த்துப் பார்த்துத்தான் கூட்டினார். மத்தியானம் பசி செத்துப்போனது, டிபன் டப்பா திறக்காமல் திரும்பி வந்ததைப் பார்த்து அம்மா அழுதாள். காலையில் வயிறு நிறையச் சாப்பாடு, பிறகு மாத்திரை, சாயங்காலம் இன்னொரு சாப்பாடு என்று மாற்றினார்கள், சரியாயிற்று. சரியான அளவுக்கு வந்த ஒரு நாள் வகுப்பில் மின்விசிறி கடகடவென்று ஓடியது, அது காதில் விழுந்தது, விழுந்தும் நான் வரலாற்றுப் பாடத்திலேயே இருந்தேன். பக்கத்தைத் திருப்பினேன். இன்னொரு பக்கத்தையும் திருப்பினேன். ஐயோ, இப்படித்தானா மற்றவர்கள் எல்லாம் படிக்கிறார்கள், இவ்வளவு சுலபமா! எழுந்து நின்று கத்த வேண்டும் போல இருந்தது.

மாத்திரை எனக்காகப் படித்துவிடவில்லை. முதல் பெஞ்சுக்கு மாறினேன். பாடத்தைத் துண்டு துண்டாக்கி, ஒரு துண்டு முடிந்தால் எழுந்து நடந்துவிட்டு வரக் கற்றுக்கொண்டேன். அத்தைக்கு ரத்தக்கொதிப்பு இருந்ததால் அதை அடக்கிய பிறகே, வேறு வகை மருந்தை யோசித்துக் கொடுத்தார்கள். அது வேலை செய்யப் பல வாரமாயிற்று. இந்தக் கரண்டியை இனி எடுத்துவிடலாமா என்று அவள் கேட்டதற்கு, அது அப்படியே இருக்கட்டும், அதுவும் வைத்தியம்தான் என்றார் டாக்டரம்மா. நான் மறுபரீட்சையில் தேறினேன். அப்பா மார்க் தாளை நெடுநேரம் பார்த்தார். பட்டன் பேச்சை அதன் பிறகு அவர் எடுக்கவில்லை, ஆனாலும் அக்காவும் மகளும் மாத்திரை போடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். எங்கள் வம்சத்தில் கிடையாது என்ற சொல்லை மட்டும் அவர் திரும்பப் பெறவே இல்லை.

இப்போது நான் மாட்டுங்காவில் ஒரு கல்யாண மண்டபத்தில் மேற்பார்வை வேலை பார்க்கிறேன். ஒரே நேரத்தில் பூக்காரர், சமையல்காரர், மேளக்காரர், கோபித்துக்கொண்ட சம்பந்தி என்று எல்லோரும் என்னைக் கூப்பிட வேண்டும், அப்போதுதான் எனக்குக் குஷி! மண்டபத்துச் சாவிக்கொத்தை ஒரு பெரிய ஸ்பூனில் கட்டி வைத்திருக்கிறேன். வீட்டில் அத்தையின் கரண்டிக்குப் பக்கத்து ஆணி அதற்கு. அப்பா பல வருடமாக அந்த இரண்டையும் பார்த்து, "பாத்திரக்கடை" என்று கிண்டல் செய்துகொண்டே, தன் பைக் சாவியைத் தினமும் காலையில் வீடு முழுக்கத் தேடுவார்.

இந்த வாரம் ஒரு காலையில் அம்மா அடுப்படியிலிருந்து கத்தினாள். "தோசைத் திருப்பிய எங்க? யாரு எடுத்தா? தோசை கருகுது!" நான் வேலைக்குக் கிளம்ப ஸ்பூனை எடுக்க வாசலுக்கு வந்தேன். ஆணியில் அத்தையின் குழம்புக் கரண்டி. அடுத்ததில் என் ஸ்பூன். அதற்கும் பக்கத்தில், புதிதாக அடித்த ஓர் ஆணியில், தோசைத் திருப்பி. அதன் ஓட்டையில் சிவப்பு எலெக்ட்ரிக் ஒயர் முறுக்கிக் கட்டியிருந்தது. ஒயரின் நுனியில் அப்பாவின் பைக் சாவி.

அப்பா பாதி பச்சை ஏணியில் சாய்ந்துகொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பின்னால் வந்து நின்ற அத்தையும் ஆணியைப் பார்த்தாள். சந்து அதிரச் சிரிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. போய் அவர் தோளில் கை வைத்தாள்.

"ஏல தம்பி, வியாழக்கிழமை ரெண்டு பேருமா போவம். ஆனா ஒண்ணு. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டு நிறுத்திராத."

"சரிக்கா" என்றார் அப்பா.