தலைமாட்டுக் கற்கள்

நெஞ்செரிச்சல் காத்தாயியைத் தூங்கவிடாத காலத்தில், அவள் கட்டிலின் தலைமாட்டைத் தூக்கிப் பிடிப்பாள். கணவர் அழகுமுத்து குனிந்து கால்களுக்கடியில் இரண்டு கல் வைப்பார். அதற்கு ஆப்பரேசன் செய்துகொண்டு அவள் வந்ததும் அவரே அவற்றை உருவி, தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் போட்டார்.

"இனிமே இது கால் கழுவத்தான் புள்ள."

பாரம் தூக்காதே என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். கொழுந்துக் கூடையை வேறு யார் தூக்குவது? ஆனாலும் பத்து வருடம் நிம்மதியாகப் படுத்தாள்.

போன வருடம் அவர் போய்ச் சேர்ந்தார். இப்போது அந்தப் பாழாய்ப்போன எரிச்சல் திரும்பிவிட்டது.

"சிலருக்கு வருசம் போகப்போகத் தையல் தளரும்மா. மாத்திரையோட, பழையபடி தலைமாட்ட உயர்த்திப் படுங்க," என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்தவள் கற்களைக் கழுவி உள்ளே எடுத்து வந்தாள். கட்டிலை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ம், வைங்க," என்றாள்.