கட்டின் மேல் இருந்த எண்

ஸோம்பா நகரத்துக் கல்லூரிக் கூடத்தில் ஆண்டுக்கு ஒருமுறை ஆசிரியர்கள் பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தக் கூடுவார்கள். அங்கே இலக்கியத் தாள் திருத்தும் மேசைக்குத் தலைவி எஸ்னார்ட் கச்சாலே. ஐம்பத்து மூன்று வயது. கறார் என்றால் அப்படியொரு கறார். அரை மார்க்குக்காக அரை மணி நேரம் வாதாடுவார்.

பாடநூல் ஒரு பழைய துயர நாடகம். நாற்காலி ஆசையில், விருந்தாளியாக வந்த அரசனையே கொன்றுவிடும் ஒரு தளபதியின் கதை. கொலை மேடையில் நடக்காது, உள்ளே நடக்கும். ஏன் அப்படி என்று கேள்வி வரும். கொலையைவிடக் கொன்றவன் படும் பாட்டைக் காட்டத்தான் என்று எழுதினால் நான்கு மார்க். வகுப்பில் எஸ்னார்ட் இதை மூச்சுவிடாமல் சொல்லுவார். அதெல்லாம் ஏழு ஆண்டுகளுக்கு முன்புவரை.

அப்போது மேசைத் தலைமைக்குப் போட்டியில் இருந்தது இரண்டே பேர்தான். ஒருவர் இவர், மற்றவர் ஃபெகி ம்தாம்போ. பயிற்சிக் கல்லூரியில் ஒரே தட்டில் ந்ஸிமாக் களி தின்ற சிநேகிதிகள். ஃபெகி மின்னலாகத் திருத்துவார். ஆனால் விடைத்தாள் கட்டின் மேல் எழுதியிருக்கும் பள்ளி எண்ணை மட்டும் பார்க்கமாட்டார். தன் பள்ளித் தாளைத் தானே திருத்தினால் திருத்தும் பணிக்கே வரத் தடை விழும். அதனால் இருவர் கட்டையும் எஸ்னார்ட்தான் பார்த்து வாங்குவார்.

தலைவி யார் என்று அறிவிப்பதற்கு முந்திய நாள் ஃபெகி தேநீர் குடிக்கப் போயிருந்தார். கிளார்க் நீட்டிய கட்டை எஸ்னார்ட் வாங்கினார். அதன்மேல் ஃபெகியின் பள்ளி எண். கிளார்க் இன்னும் இரண்டடிகூடப் போகவில்லை, கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. கட்டை ஃபெகியின் மேசையில் வைத்துவிட்டுத் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தார். பொய் சொன்னாரா? இல்லை. போட்டுக்கொடுத்தாரா? அதுவும் இல்லை. சும்மா இருந்தார், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானில் ஒரு மனுஷியின் பேரே போயிற்று. ஆறு தாள் திருத்திய பிறகுதான் தலைமைத் தேர்வாளர் கண்ணில் பட்டது. ஃபெகிக்கு ஏழு ஆண்டு தடை. "தன் பள்ளிப் பிள்ளைங்களுக்கு மார்க்கை அள்ளிப் போட்டவ" என்று ஊரே பேசிற்று.

மறுநாள் எஸ்னார்ட்டுக்குத் தலைமை கிடைத்தது. அதன்பிறகு வகுப்பில் அந்தக் கொலைப் பாடம் வந்தாலே அவர் ஒரு பிள்ளையை எழுப்பி வாசிக்கச் சொல்லிவிடுவார். குற்ற உணர்வைப் பற்றி ஆண்டுக்கு இருநூறு விடைகளையாவது படித்தாக வேண்டும். முக்கால்வாசிப் பிள்ளைகள், பாவம், சரியாகத்தான் எழுதியிருந்தார்கள்.

இந்த ஆண்டு ஃபெகியின் தடை முடிந்தது. எஸ்னார்ட்டின் மேசையிலேயே இடம் போட்டிருந்தார்கள். முதல் நாள் காலையிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டுதான் எஸ்னார்ட் வந்தார்.

"என்னடி, தலைவியானதும் கன்னம் உப்பிப்போச்சு! எங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வெச்சியா?" என்று ஃபெகி வந்து கட்டிக்கொண்டார். தலை பாதி நரைத்திருந்தது.

"ஃபெகி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"அப்புறம் சொல்லு. மொதல்ல இந்த எண்ணைப் பாரு." தனக்கு வந்த கட்டை எடுத்து எஸ்னார்ட்டின் கையில் திணித்தார். "அன்னைக்கு அந்த கிளார்க் பய நேரா என் மேசையில வெச்சுட்டான். கட்டு உன் கைக்கு வந்திருந்தா எனக்கு இந்தக் கதி வந்திருக்குமா? ஏழு வருஷமா வீட்டுக்காரர்கிட்ட இதையேதான் சொல்லிப் புலம்புறேன். எஸ்னார்ட் பார்த்திருந்தா விட்டிருக்கமாட்டாள்னு."

மேடையில் நிற்பவருக்குத் தெரியாதது பார்ப்பவருக்குத் தெரியும். இந்த உத்தியைச் சுட்டினால் இரண்டு மார்க் என்று விடைக்குறிப்பில் இருக்கிறது. எழுதியவர் எஸ்னார்ட்தான்.

அவர் வாயைத் திறந்தார். ஃபெகியின் முகத்தைப் பார்த்தார். ஏழு ஆண்டு அவமானத்தில் அந்த அம்மாள் பத்திரமாகக் காப்பாற்றி வைத்திருந்தது இந்த ஒரு நம்பிக்கையைத்தான். அதையும் பிடுங்குவதா? இப்படித்தான் எஸ்னார்ட் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நிஜம் என்னவென்றால், பயம்.

குனிந்து எண்ணைப் படித்தார். ஒருமுறைக்கு மூன்றுமுறை படித்தார்.

"உன் பள்ளி இல்ல, ஃபெகி."

"அப்பாடா!" என்று ஃபெகி சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

திருத்தும் பணி மூன்று வாரம் நடந்தது. நாளுக்கு எட்டுக் கட்டு. ஒவ்வொன்றையும் ஃபெகி சிரித்தபடி கொண்டுவந்து நீட்டினார். ஒவ்வொரு தடவையும் எஸ்னார்ட் எண்ணைப் பார்த்து, வாயைத் திறந்து, உன் பள்ளி இல்ல என்று சொன்னார்.