குதிரைக்கார வகையறா

நயா பைசா வந்த புதிதில் போடியில் எங்கள் வீட்டு மாடிக்கு ஒரு சீனாக்காரர் குடிவந்தார். பல் டாக்டர். சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவர் என்று எத்தனை முறை சொன்னாலும் ஊர் நம்பவில்லை. கப்பலை விட்டு இறங்கி நேராகப் போடிக்கு வந்துவிட்டதாகத்தான் பேசிக்கொண்டார்கள். ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் போடிமெட்டு ஜீப்புக்குக் காத்திருக்கும் நேரத்தில் மாடியேறிப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, வாயில் பஞ்சோடு மலையேறினார்கள்.

எனக்கு அப்போது கல்யாண வயது. பற்கள் முத்து முத்தாக இருந்தன. இருந்தும் பல்வலி என்று சொல்லி, அம்மாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். அவர் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே இல்லையே" என்றார். உடனே, "எதுக்கும் நாளைக்கும் வாங்க" என்றார். எனக்கு அது போதாதா? அந்த மாதம் என் வாயில் வலிக்காத பல்லே இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை வெற்றிலை பழத்தட்டோடு இறங்கி வந்து அப்பாவிடம் பெண் கேட்டுவிட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அப்பா அரிவாளைத் தேடப்போகிறார் என்று பயந்தேன். அவரோ, பெண் கேட்டு வருகிற எல்லோரிடமும் கேட்பதைத்தான் இவரிடமும் கேட்டார்.

"ஒங்களுக்குக் குலசாமி எது டாக்டரே?"

எங்கள் பக்கம் ஒரே குலசாமியைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள். அண்ணன் தங்கை முறை ஆகிவிடும், பெண் கொடுக்க முடியாது. இது தெரியாத மனுஷன், சாமி கிடையாது, குடும்பப் பேர்தான் உண்டு என்றார். பேர், மா.

"அரிசி மாவா, மாமரமா?"

"குதிரைங்கய்யா. எங்க பாசையில மான்னா குதிரை."

பக்கத்தில் இருந்த பெரியப்பா பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். துள்ளி எழுந்து, "தமிழ்லயும் மான்னா குதிரைதான்டா!" என்று அப்பாவின் தொடையில் ஓங்கி அடித்தார்.

டாக்டரைக் கெடுத்தது அந்த உற்சாகம்தான். பெண் கிடைத்துவிட்டது என்று நினைத்து, குடும்பப் பெருமையை அவிழ்த்துவிட்டார். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் அவர்கள் வம்சத்தில் ஒரு தளபதி பெரிய சண்டையில் ஜெயித்தாராம். குதிரையை அடக்கியவர் என்று ராஜா பட்டம் கொடுத்தாராம். பேரப்பிள்ளைகள் அந்தப் பட்டத்தையே குடும்பப் பேராக வைத்துக்கொண்டு, சொல்ல நீளமாக இருக்கிறதென்று, அடக்கியதை விட்டுவிட்டுக் குதிரையை மட்டும் வைத்துக்கொண்டார்களாம்.

எங்கள் முப்பாட்டன் மலையிலிருந்து குதிரையில் பொதி இறக்கியவர். ஊரில் எங்களுக்குக் குதிரைக்கார வகையறா என்றுதான் பேர். குரங்கணிப் பாதையில் எங்கள் குலசாமியும் மண்குதிரை மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அப்பாவும் பெரியப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அட, நம்ம பங்காளி!" அப்பா அவரைக் கட்டிக்கொண்டார். "ஒரு கிளை சீனாவுல போயித் தங்கிருக்கு பாரேன். அப்பு, இவ ஒனக்குத் தங்கச்சி முறையில்ல? இவளப் போயிப் பொண்ணு கேக்கலாமா?"

ஒருவரை இதைவிட மரியாதையாக யாரும் விரட்டியிருக்க முடியாது. அப்பா சூதாகச் செய்தாரா, நிஜமாகவே நம்பினாரா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. டாக்டராவது மறுத்துப் பேசுவார் என்று காத்திருந்தேன். அந்த மனுஷனோ முகம் வெளுத்துப்போய், "எங்கள்லயும் ஒரே குடும்பப் பேருக்குள்ள கட்டுறதில்லைங்கய்யா" என்று கையெடுத்துக் கும்பிட்டார். குதிரையும் வேண்டாம் கழுதையும் வேண்டாம் என்று எனக்கு வாய்வரைக்கும் வந்தது. ஆனால் என்னிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

வைகாசியில் கம்பத்து மாப்பிள்ளைக்கு என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். ஓமத்தில் போடுவதற்குப் பெண்ணின் கையில் பொரி அள்ளித் தருவது அண்ணன் வேலை. எனக்கு உடன்பிறந்தவர்கள் இல்லை; பெரியப்பாவுக்கும் ஆண்பிள்ளை இல்லை. "அண்ணனக் கூப்புடுங்கப்பா, வெரசா!" என்று பெரியப்பா சத்தம் போட்டார். பட்டு வேட்டியில் டாக்டர் வந்து நின்றார். மாப்பிள்ளை வீட்டார் வாயைப் பிளந்தார்கள். அவர்களுக்கும் குதிரைக் கதை சொல்லப்பட்டது. அவர்களும் நியாயம்தான் என்று தலையாட்டினார்கள்.

நான் தாடை வலிக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு கையை நீட்டினேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு போட்டதில் பாதிப் பொரி கீழே கொட்டியது. மீதியைப் போடும்போது குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"பல்லக் கடிக்காதீங்க. தேஞ்சுபோகும்."