முனிர்கா வழியாகப் போன கடிதங்கள்

சாந்தகுமாரியின் கணவர் ஜோதிலிங்கம் 1985 அக்டோபரில், அலுவலகம் விட்டு பஸ் வரிசையில் நின்றிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. வயது நாற்பத்தைந்து. டில்லியில் மத்திய அமைச்சகம் ஒன்றில் அப்பர் டிவிஷன் கிளார்க்காக இருந்தவர். ஐந்து மாதம் கழித்து அதே அலுவலகத்தில் கருணை அடிப்படையில் சாந்தகுமாரிக்கு வேலை கொடுத்தார்கள். அவளுடைய மேஜையிலிருந்து பார்த்தால் அவருடைய நாற்காலி தெரியும். அதில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். பார்க்கும்போது ஏதாவது தோன்றும் என்று முதல் நாள் முழுக்கக் காத்திருந்தாள். ஒன்றும் தோன்றவில்லை. மறுநாளிலிருந்து காத்திருக்கவும் இல்லை.

"தைரியசாலிம்மா நீங்க" என்று தமிழ்க்காரர்கள் சொன்னார்கள். அது தைரியம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அழுகை வரவில்லை, அவ்வளவுதான். சோறு ருசித்ததா, குளிர் அடித்ததா என்று யாராவது கேட்டால்தான் யோசித்துச் சொல்லவேண்டியிருந்தது. சர்க்கார் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, பன்னிரண்டு வயது மகள் வைதேஹியோடு டில்லியின் முனிர்காப் பகுதியில் ஒரு மாடி அறைக்குக் குடிபோனாள்.

அவள் பிறந்து வளர்ந்தது டில்லியில். மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் படித்தவள் என்பதால் தமிழும் இந்தியும் ஒன்றுபோல எழுதவரும். 1987 ஜனவரியில் அதை வைத்துத்தான் ஒரு வேலை தேடிவந்தது. தேர்தலில் ஜெயித்துப் பஞ்சாயத்துப் பொறுப்புக்கு வந்த பெண்களைப் பல மாநிலங்களிலிருந்தும் கூட்டி, ஒருவரோடொருவர் பேசவைக்க ஒரு மாதர் சங்கம் மூன்று நாள் கூட்டம் போட்டது. அதை நடத்திய மிஸஸ் கக்கர் ஓய்வுபெற்ற பேராசிரியை. தமிழ்நாட்டிலிருந்து வரும் அம்மாவுக்குத் தமிழைத் தவிர எதுவும் தெரியாது, பேச்சை மாற்றிச் சொல்ல ஆள் வேண்டும் என்று சாந்தகுமாரியின் செக்ஷன் ஆபீசரிடம் கேட்டிருந்தார். சாந்தகுமாரி சரி என்றாள். மாட்டேன் என்று சொல்வதற்கு வேறு எதையாவது விரும்பவேண்டும். அவளுக்கு அப்படி எதுவும் இல்லை.

ரயில் நிலையத்தில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலிருந்து இறங்கியவள் நூல் சேலையும் தோளில் ஒரு துண்டுமாக நடுங்கிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது இருக்கும்.

"ஏனுங்க அம்மிணி, சாந்தகுமாரிங்கறது நீங்கதானுங்களா? நானுங்க அருக்காணி. தாராபுரம் பக்கம். குளுரு இப்படிக் கொல்லும்னு ஒருத்தருஞ் சொல்லலீங்களே!"

சாந்தகுமாரி அவளை நேராக முனிர்காவுக்குக் கூட்டிப்போய், பெட்டியைத் திறந்து ஜோதிலிங்கத்தின் ஸ்வெட்டரை எடுத்துக் கொடுத்தாள். வைதேஹி கதவோரம் நின்று தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாந்தகுமாரி ஸ்வெட்டரின் கைகளை மடித்து விட்டுக்கொண்டிருந்தாள்.

முதல் நாள் கூட்டத்தில் ஒவ்வொருவரும் எழுந்து பெயரும் ஊரும் சொன்னார்கள். அரியானாவின் ரோத்தக் பக்கத்திலிருந்து வந்த அங்கூரி தேவியின் முறை வந்தபோது, முகத்தை மூடிய முந்தானையோடு அவள் உட்கார்ந்தே இருந்தாள். பின்வரிசையிலிருந்து தலைப்பாகைக்காரர் ஒருவர் எழுந்து, எங்கள் கிராமம் இப்படி, எங்கள் சாலை அப்படி என்று பேச ஆரம்பித்தார்.

"அந்தாளு யாருங்க?" என்று அருக்காணி கேட்டாள்.

"அந்தம்மாவோட வீட்டுக்காரர்."

"எலச்சன்ல ஜெயிச்சது அவருங்களா?"

"இல்லை. அந்தம்மாதான்."

"அப்பறம் அவரு என்னத்துக்குங்க பேசறாரு? கேளுங்க அம்மிணி."

அருக்காணி அதை அவளிடம் மட்டுமே சொல்லியிருந்தாள். சாந்தகுமாரி எழுந்து, எல்லோருக்கும் கேட்கும்படி அப்படியே இந்தியில் சொன்னாள்: "தமிழ்நாட்டுத் தலைவர் கேட்கிறார். தேர்தலில் ஜெயித்தது அந்த அம்மா. இவர் எதற்குப் பேசுகிறார்?"

கொஞ்சம் பதமாகச் சொல் என்பதுபோல மிஸஸ் கக்கர் கையைத் தாழ்த்திக் காட்டினார். சாந்தகுமாரி அதைப் பார்த்தாள். பதமாகச் சொல்லவேண்டிய அவசியம் அவளுக்குப் புரியவில்லை. அந்த ஆள் கோபப்படுவாரே என்ற பயம் வரவேண்டிய இடத்தில் எதுவும் வரவில்லை. அதே வாக்கியத்தை இன்னொரு முறை சொன்னாள்.

அவர் எதையோ முணுமுணுத்துக்கொண்டு டீ குடிக்க வெளியே போனார். கதவு சாத்தியதும் அங்கூரி தேவி எழுந்தாள். முந்தானையை விலக்காமலே பேசினாள். தடித்த, உரத்த குரல். நாலு வருஷமாகத் தான் சர்பஞ்ச், ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் என்றும், பஞ்சாயத்து முத்திரை கணவரின் சட்டைப் பையில் இருக்கிறது என்றும், இதுவரை எந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று தனக்குத் தெரியாது என்றும் சொன்னாள். ஊரில் பெண்கள் தண்ணீர் எடுக்கும் கிணற்றடிக்கு ஒரு கைப்பம்பு வேண்டும், வந்த ஒன்று ஆண்கள் சீட்டாடும் சாவடிக்குப் போய்விட்டது என்றும் சொன்னாள்.

மதியச் சாப்பாட்டில் அருக்காணி தட்டை எடுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். சாந்தகுமாரி இருவருக்கும் நடுவில். ரொட்டி ஆறிக்கொண்டே இருந்தது. "எங்கூர்ல வீட்டுக்காரரு தொந்தரவு இல்லீங்க. கிளார்க்குதான். வெத்துத் தாள்ல கையெழுத்துப் போடும்பான். படிச்சுக்காட்டு, அப்பறம் போடறேன்னு சொல்லிப்போட்டேன். இப்ப உறுப்பினருங்க கூட்டத்துக்கே வாரதில்லீங்க. அதுக்குத்தான் வழி தெரியல."

அங்கூரி சிரித்தாள். "வராதவன் வீட்டு வாசலில் போய் உட்கார். நாலு பெண்களைக் கூட்டிப்போ. அங்கேயே கூட்டத்தை நடத்து. அவனுக்கு வெட்கமாகிவிடும்."

இரண்டு பேரும் 'நான்' என்று சொன்னதையெல்லாம் சாந்தகுமாரியும் 'நான்' என்றே சொன்னாள். என் முத்திரை, என் கிளார்க், என் ஊர். மூன்று நாளில் தொண்டை கட்டிக்கொண்டது. வேறு மாற்றம் எதையும் தன்னிடம் அவள் காணவில்லை.

புறப்படும்போது அருக்காணி கேட்டாள்: "அந்தம்மாகூட இன்னும் பேசோணுங்க. நான் உங்களுக்கு எழுதினா, அவங்களுக்கு இந்தியில எழுதிப் போடுவீங்களா?"

"போடறேன்" என்றாள் சாந்தகுமாரி.

அப்படித்தான் ஆரம்பித்தது. தாராபுரத்துக் கடிதம் முனிர்காவுக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாந்தகுமாரி அதை இந்தியில் எழுதி ரோத்தக்குக்கு அனுப்புவாள். அங்கே அங்கூரியின் மருமகள் படித்துக்காட்டிப் பதில் எழுதுவாள். அது தமிழாகித் தெற்கே போகும். இப்படி ஒரு வழி இருப்பது தெரிந்து, கூட்டத்துக்கு வந்திருந்த வேறு சில பெண்களும் எழுத ஆரம்பித்தார்கள். மிஸஸ் கக்கரின் சங்கம் அடுத்த கூட்டத்தை நடத்த முடியாமல் படுத்துவிட்டது. கடிதங்கள் நிற்கவில்லை.

"மம்மி, சண்டே முழுக்க இதேதான். உனக்கு போர் அடிக்கலியா?" என்று வைதேஹி கேட்டாள். தாய் அடுத்த வரியை எழுதிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாளில் வைதேஹியே எதிரில் உட்கார்ந்து, இந்திப் பிரதிகளைத் தன் அழகான கையெழுத்தில் எழுதித் தந்தாள். தமிழ் படிக்கத் தடுமாறும் பெண். அம்மா இந்தியில் வாய்விட்டுச் சொல்லச்சொல்ல எழுதினாள். அந்த வீட்டில் அம்மாவும் பெண்ணும் அதிகம் பேசிக்கொண்டது அப்போதுதான்.

அருக்காணி உறுப்பினர் ஒருவரின் வாசலில் ஐந்து பெண்களோடு உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் அவர் கூட்டத்துக்கு வந்தார். அந்தச் செய்தி ரோத்தக் போனது. ஆகஸ்டில் அங்கிருந்து பதில் வந்தது. அங்கூரி ரோத்தக் கடைத்தெருவில் புது முத்திரை செய்துகொண்டு, பழையது தொலைந்துவிட்டது என்று பி.டி.ஓ. ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டாள். கிணற்றடிக் கைப்பம்புக்கான காகிதத்தில் அவளே முத்திரை குத்தினாள். கடிதத்தின் கடைசி வரி: 'என் இடது கை உடைந்திருக்கிறது. முத்திரை என்னிடம் இருக்கிறது.'

சாந்தகுமாரி அந்த இரண்டு வாக்கியங்களையும் தமிழில் எழுதினாள். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது சரியாக வந்திருப்பதாகப் பட்டது. உறையை ஒட்டினாள். வைதேஹிதான் பேனாவை வைத்துவிட்டு, "யார் உடைச்சது மம்மி?" என்று கேட்டாள்.

பத்து நாளில் அருக்காணியின் பதில் வந்தது. அது அங்கூரிக்கு எழுதியது அல்ல. 'அம்மிணி, நீங்க அங்க பக்கத்துல இருக்கறீங்க. நான் எட்டாத தூரத்துல இருக்கறேன். ஒருக்கா நேரா போய்ப் பார்த்துப்போட்டு வாங்க. நான் அனுப்பிச்சேன்னு அந்தாளுகிட்டச் சொல்லுங்க.'

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாந்தகுமாரி ரோத்தக் பஸ் ஏறினாள். அங்கிருந்து டிராக்டர் ஒன்றில் இடம் கிடைத்தது. அங்கூரி வாசலில் எருமைக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தாள். இடது கையில் மாவுக்கட்டு. கயிற்றுக் கட்டிலில் ஹூக்கா புகைத்துக்கொண்டிருந்த அவள் கணவருக்கு சாந்தகுமாரியை அடையாளம் தெரிந்தது. முகம் கறுத்தது.

"நீ ஏன் வந்தாய்?"

"தமிழ்நாட்டுத் தலைவர் அனுப்பினார். சர்பஞ்ச் எப்படி இருக்கிறார் என்று பார்த்து எழுதச் சொல்லியிருக்கிறார். எழுதுவேன். மாதம் ஒருமுறை வருவேன்."

மாதம் ஒருமுறை என்று அருக்காணி சொல்லவில்லை. அது எங்கிருந்து வந்தது என்று சாந்தகுமாரிக்கே தெரியவில்லை. அவர் எழுந்து நின்றார். நல்ல உயரம். தன்னை அடிப்பாரோ என்று நினைத்துப் பார்த்தாள். அடித்தால் அடிக்கட்டும் என்றிருந்தது. அசையாமல் நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் ஹூக்காவைத் தூக்கிக்கொண்டு சாவடிப் பக்கம் போனார்.

அங்கூரி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். "உனக்குப் பயமே கிடையாதா, பெஹன்?" என்று தங்கையைக் கேட்பதுபோலக் கேட்டாள்.

"எனக்கு எதுவுமே கிடையாது" என்றாள் சாந்தகுமாரி. பெருமையாகவோ வருத்தமாகவோ சொல்லவில்லை. அங்கூரி எழுந்துபோய் இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றினாள்.

சொன்னபடி மாதம் ஒருமுறை போனாள். சில முறை வைதேஹியும் போனாள். டில்லியிலிருந்து ஆள் வரும், வந்து பார்த்து எங்கோ எழுதிப்போடும் என்று ஊருக்குத் தெரிந்துபோனது. அந்தக் கை மறுபடி உடையவில்லை. கைப்பம்பு கிணற்றடியிலேயே வந்தது. ஆனால் அடுத்த ஆண்டுத் தேர்தலில் அங்கூரி தோற்றாள். கணவரே தன் பங்காளிக்காக ஓட்டுக் கேட்டார். 'இப்போது வெறும் அங்கூரி. ஆனாலும் பெண்கள் என்னிடம்தான் காகிதம் கொண்டுவருகிறார்கள். மருமகள் படித்துச் சொல்கிறாள்' என்று எழுதியிருந்தாள்.

1989 ஜூனில் தாராபுரத்திலிருந்து வந்த தபால் கார்டு அருக்காணி எழுதியது அல்ல. அவளுடைய மகன் லட்சுமணன் எழுதியிருந்தார். அம்மா மஞ்சள் காமாலையில் போன வாரம் தவறிவிட்டார், தங்களுக்குத் தெரிவிக்கச் சொன்னார்.

சாந்தகுமாரி கார்டை மேஜையில் வைத்துவிட்டு இந்தித் தாளை எடுத்தாள். இரண்டரை ஆண்டுகளாக அந்தத் தாளில் 'நான்' என்று எழுதினால் அது அருக்காணி. இன்று அருக்காணி இல்லை. கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் தன் பெயரில், 'அருக்காணி இறந்துவிட்டார்' என்று ஒரே வரி எழுதிக் கையெழுத்திட்டாள். அழுகை வரும்போல இருந்தது. வரவில்லை. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது சோற்றில் உப்புக் குறைவு என்று சொன்னாள். அம்மா அப்படி எதையும் சொல்லி வைதேஹி கேட்டு வெகுநாளாகிவிட்டது. எழுந்துபோய் உப்பைக் கொண்டுவந்தாள்.

ஐந்தாம் நாள் அங்கூரியும் மருமகளும் முனிர்கா மாடிப்படி ஏறி வந்தார்கள். அங்கூரி தரையில் உட்கார்ந்து, தங்கள் ஊர் வழக்கப்படி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு வாய்விட்டு அழுதாள். மூன்று நாள் மட்டுமே பார்த்த ஒருத்திக்காக. சாந்தகுமாரி பக்கத்தில் உட்கார்ந்தாள். அழவில்லை. அங்கூரி அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பேருக்குமாகச் சேர்த்து அழுதுமுடித்தாள்.

டீ குடித்தபின் இடுப்பிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். பக்கத்து ஊரில் புதிதாக சர்பஞ்ச் ஆகியிருக்கும் இளம்பெண் ஒருத்தி, உறுப்பினர்கள் கூட்டத்துக்கு வராமல் அலைக்கழிக்கிறார்கள் என்று எழுதியிருந்தாள்.

"இதை அவருக்குத்தான் அனுப்ப நினைத்தேன். அவருக்குத்தான் இது நன்றாகத் தெரியும். இனி யாருக்கு அனுப்புவது?"

சாந்தகுமாரி அலமாரியிலிருந்து விலாசங்கள் எழுதிய நோட்டை எடுத்தாள். தமிழ்நாட்டுப் பக்கத்தில் வள்ளியம்மை என்ற பெயர் இருந்தது. சிவகங்கைப் பக்கம் ஒரு பஞ்சாயத்துத் தலைவி. அருக்காணி எப்போதோ கொடுத்த விலாசம். இதுவரை எழுதியதில்லை.

"இந்தம்மா நமக்கு எழுதுவாங்களா மம்மி?" என்று வைதேஹி கேட்டாள்.

"தெரியாது. எழுதிப் பார்க்கலாம்" என்று சாந்தகுமாரி தாளை இழுத்தாள். முதலில் தான் யார் என்று சொல்லவேண்டியிருந்தது. அதற்கே அரைப் பக்கம் ஆனது.