படத்துக்குக் கீழே ஒரு வரி

என் பார்வையின் நடுவில் ஒரு சாம்பல் நிறப் பொட்டு இருக்கிறது. விழித்திரை போய்க்கொண்டிருக்கிறது, போனது திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பள்ளிக்கூட ஆபீஸில் முப்பது வருடம் பதிவேடு எழுதிய எனக்கு இப்போது ஓரங்கள் மட்டும்தான் மிச்சம். எதிரில் நிற்பவரின் செருப்பு தெரியும், தோள் தெரியும், முகம் தெரியாது. வாசிப்பதற்கு ஒரு போன் வைத்திருக்கிறேன். எழுத்தைத் தொட்டால் உரக்க வாசிக்கும். ஆனால் அது எழுத்தாக இருக்க வேண்டும். படத்துக்குள் எழுதி வைத்திருந்தால் "படம்" என்று ஒற்றைச் சொல் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும்.

பென்ஷன் காரியமாக ஓர் இணையப் பக்கத்தைத் திறந்தால், நான் மனுஷிதான் என்று காட்ட, வளைந்து நெளிந்த எழுத்துகளைப் பார்த்து எழுதச் சொல்கிறது. மூன்று தடவை தவறினால் நான் மனுஷி இல்லை என்று முடிவாகிவிடும். அதையாவது விட்டுத் தொலைக்கலாம். எங்கள் சபையின் வாட்ஸாப் குழுவை விட முடியாது. நெய்யூருக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. பிறந்தநாள், கலியாணம், அடக்க ஆராதனை எல்லாம் அந்தக் குழுவில்தான் வரும், எல்லாமே படமாக. சபைச் செயலாளர் போஸ்டர் செய்வதில் கெட்டிக்காரர். எதற்கும் அதே ரோஜாப்பூ ஓரம், அதே வெள்ளைப் புறா, நடுவில் போட்டோ.

எனக்கு ஒரு சினேகிதி இருந்தாள். அண்டியாபீஸில் முந்திரிப் பருப்பைத் தரம் பிரிக்கிறவள். குவியலுக்குள் ஒரு சொத்தைப் பருப்பு கிடந்தால் அவள் விரல் நேராக அங்கே போகும். எழுத்தென்றால் மட்டும் ஆகாது. அடி தாங்காமல் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். யாராவது தாளை நீட்டினால் கண்ணாடி எடுத்து வரவில்லை என்பாள். அவளுக்குக் கண்ணாடியே கிடையாது. ஒருநாள் பெண்கள் கூட்டம் முடிந்து சாயா குடிக்கும்போது என்னிடம் மட்டும் சொன்னாள்.

"எனக்க கண்ணுக்கு ஒண்ணும் இல்லட்டி. எழுத்து ஓரிடத்துல நிக்காது, பாத்துக்க. ஒண்ணுக்க மேல ஒண்ணு ஏறும்."

அதற்கு டிஸ்லெக்சியா என்று பெயர் உண்டு என்றேன்.

"பேரு வச்சாச்சா? அப்ப இனி போவாது" என்றாள்.

அதன்பிறகு புதன்கிழமைதோறும் என் வீட்டில் உட்காருவோம். அவள் போனில் எழுத்தைப் பெரிதாக்கி, வரிகளுக்கு நடுவே நல்ல இடைவெளி விட்டு, கண்ணில் குத்துகிற வெள்ளையைச் சந்தன நிறமாக மாற்றிக் கொடுத்தேன். குரல் மெதுவாக வாசிக்க, அவள் விரல் கூடவே போகும். சில மாதங்களில் அரைப் பக்கம் தானாக வாசித்தாள். வாசித்துவிட்டு அழுதாள். எனக்குப் பார்வை இல்லை, அவளுக்கு எழுத்து இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு முழு ஆளாக இருந்தோம்.

போஸ்டருக்குக் கீழே விஷயத்தை இரண்டு வரி எழுத்தாகவும் போடச் சொல்லி, இருவருமாகச் செயலாளரிடம் போய்க் கேட்டோம். நல்ல மனுஷர். "அதுக்கென்ன அக்கா, பெருசாவே போடுதேன்" என்றார். சொன்னபடி போட்டார். படத்துக்குள்ளேயே, மஞ்சளில் சிவப்பாக, முன்னைவிட இரண்டு மடங்கு பெரிதாக. போன் "படம்" என்றது.

"அவரு போடாட்டி போட்டும், நான் போடுதேன்" என்றாள் என் சினேகிதி. "சாவுக்கு மட்டும் போடுதேன். கலியாணத்துக்கு வீட்டுல வந்து விளிப்பாவ. சாவுக்கு ஆரும் விளிக்க வரமாட்டாவ, கேட்டியா?"

அது உண்மைதான். சாவுக்கு அழைப்பு கிடையாது, கேள்விப்பட்டவுடன் போய் நிற்க வேண்டும். போகாதவளை ஊர் மறக்காது. அன்றிலிருந்து ஒவ்வொரு அடக்கப் படத்துக்குக் கீழேயும் அவளுடைய ஒரு வரி வந்தது. சாவு, இன்ன வீடு, இத்தனை மணி. அதை அடிக்க அவளுக்குக் கால் மணி நேரம் ஆகும். வரி இல்லாத படங்களைப் பற்றி நான் கவலைப்பட்டதே இல்லை.

போன வருடம் மகளின் பேறு பார்க்க அவள் திருவனந்தபுரம் போனாள். ஒருநாள் காலையில் செயலாளரிடமிருந்து ஒரு படம் வந்தது. பெரிதாக்கி, தலையைச் சாய்த்து, ஓரக்கண்ணால் துண்டு துண்டாகப் பார்த்தேன். ரோஜாப்பூ, புறா, கிறிஸ்துமஸுக்கு நாங்கள் சேர்ந்து போய் எடுத்த அவளுடைய நீலச் சேலை. உள்ளே இருந்த எழுத்து பிடிபடவில்லை. கீழே வரி எதுவும் இல்லை. அந்த வாரம்தான் அவளுக்கு அறுபது முடிகிறது. பிறந்தநாள் என்று சந்தோஷமாக இருந்தது. நான்தான் முதல் ஆளாகப் பதில் போட்டேன். "வாழ்த்துக்கள் மக்கா. இன்னும் நூறு வயசு இருக்கணும்." போட்டுவிட்டு அரிசி களையப் போனேன்.

எனக்குப் பிறகு யாரும் எதுவும் எழுதவில்லை. கொஞ்ச நேரத்தில் செயலாளர் போன் செய்தார்.

"அக்கா, அது பிறந்தநாள் இல்ல அக்கா. அவிய ராத்திரி மரிச்சுப் போனாவ. நெஞ்சுவலி. நான் பெரிய எழுத்துலதானே போட்டிருந்தேன்."

அடக்கத்தில் யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. அவள் மகள் என் கையைப் பிடித்து "போட்டும் சித்தி, விடுங்க" என்றாள். அவளும் அதை வாசித்திருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

செயலாளர் நான்கு வாரம் எழுத்தாகவும் போட்டார். பிறகு மறந்துவிட்டார். நான் மறுபடி கேட்கவில்லை, கேட்டு ஆகப்போவதும் ஒன்றுமில்லை. இப்போதும் படங்கள் வருகின்றன. யார் செத்தார்கள், யாருக்குக் கலியாணம் என்று எனக்குத் தெரிவதில்லை. ஊரில் எல்லோருடைய சாவுக்கும் அவள் ஒரு வரி எழுதினாள். அவள் சாவுக்குக் கீழே எழுதியது நான் மட்டும்தான். எழுதியது வாழ்த்து.